வாவிக்கரையில் 12 வோல்ற்றுச் சுற்று: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரை வயல்வாடியில் எரியும் சோலர் விளக்கும், வாவித் தோணியின் முனையில் கட்டிய விளக்கும், வாவியின் கிழக்கேயுள்ள எழுவான்கரைத் தெருக்களில் ஓடும் முச்சக்கரவண்டியும், பாசிக்குடாவில் கடலுக்கு இறங்கும் சிறு வள்ளமும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு 12 வோல்ற்றுப் பற்றரி. கோளாறு வந்தவுடன் முதலில் குற்றம் சுமத்தப்படுவதும் அதுவே. விளக்கு மங்கினால் பற்றரி, விசிறி நின்றால் பற்றரி, ஹோர்ன் அடிக்காவிட்டாலும் பற்றரி. ஆனால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் கிடக்கும் எங்கள் கரையில், என்னிடம் வரும் பழுதுகளில் பெரும்பகுதி பற்றரியில் இருப்பதில்லை. வயரும் வயரும் சேரும் இடத்திலும், வயர் திருகாணியைச் சந்திக்கும் இடத்திலும், பியூஸ் தன் கூட்டில் உட்காரும் இடத்திலுமே அது இருக்கிறது. புதுப் பற்றரிக்குக் கொடுக்கும் பணம் ஒரு விவசாயிக்கோ மீனவருக்கோ சிறிய தொகை அல்ல. அந்தப் பணம் கைமாறுவதற்கு முன்னர் மீற்றர் வைத்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

12 வோல்ற்று ஏன் சிறு தடையையும் பொறுக்காது

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்து பிறக்கிறது. 60 வாற்றுக் குமிழ் ஒன்று வீட்டு 230 வோல்ற்றில் எரியும்போது ஏறத்தாழ 0.26 அம்பியர் மின்னோட்டம்தான் செல்கிறது. அதே 60 வாற்று 12 வோல்ற்றில் வேண்டுமானால் 5 அம்பியர் செல்ல வேண்டும். இப்போது இரண்டு சுற்றிலும் கறள் பிடித்த ஓர் இணைப்பு இருக்கிறது, அதன் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுற்றில் அந்த இணைப்பு விழுங்குவது 0.13 வோல்ற்று மட்டுமே, யாருக்கும் தெரியாது. 12 வோல்ற்றுச் சுற்றிலோ அது 2 வோல்ற்றுக்கு மேல் விழுங்கி, தன் இடத்திலேயே 8 வாற்றுக்கும் அதிகமான வெப்பத்தை உண்டாக்குகிறது. வீட்டு மின்னுக்கு வயர் இழுத்துப் பழகிய கைகள் 12 வோல்ற்றுச் சுற்றை அதே பாணியில் முறுக்கி ரேப் சுற்றிவிடும்போது கோளாறு வருவதற்குக் காரணம் இதுதான்.

வயரின் தடிப்பும் இதே கணக்கில் அடங்கும். ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை கொண்டது. பற்றரியிலிருந்து 10 மீற்றர் தள்ளி இருக்கும் சிறு நீர்ப்பம்பிக்குப் போய்வரும் வழி 20 மீற்றர். ஆகவே தடை 0.34 ஓம், 5 அம்பியர் சென்றால் வயரிலேயே 1.7 வோல்ற்று தொலைந்துவிடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் இழப்பு அரை வோல்ற்றுக்கும் குறைவு. இந்த வகையில் வரும் மங்கல் கோளாறு அல்ல, தொடக்கத்திலேயே தவறாக அமைந்த சுற்று. எந்த இணைப்பைச் சுத்தம் செய்தாலும் அது தீராது.

கையில் வேண்டியவையும் கவனமும்

ஓர் இலக்க மல்ரிமீற்றர், இரண்டு வயரும் கிளிப்பும் பூட்டிய 21 வாற்று வாகனச் சிக்னல் குமிழ் ஒன்று, அரத்தாள், தூரிகை, குறடு, வெவ்வேறு அளவுப் பியூஸ்கள், மூன்று நான்கு மீற்றர் நீளமான உதிரி வயர் ஒன்று: இவை போதும். இவற்றில் பலரும் அலட்சியம் செய்வது அந்தக் குமிழைத்தான். மீற்றரை விட அது பல இடங்களில் உண்மை பேசும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

12 வோல்ற்று உலர்ந்த தோலில் அதிர்ச்சி தராது என்பது சரி. ஆனால் ஈய அமிலப் பற்றரியின் இரண்டு முனைகளுக்கிடையில் ஒரு ஸ்பனரோ வளையலோ விழுந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். உலோகம் சிவந்து கையோடு ஒட்டும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். வாகனத்தில் கழற்றும்போது முதலில் எதிர்முனையையும், பூட்டும்போது கடைசியாக எதிர்முனையையும் தொட வேண்டும். அப்போது ஸ்பனர் உடற்சட்டத்தில் பட்டாலும் ஒன்றும் நடக்காது. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் பற்றரி ஐதரசன் வாயுவை விடுவதால் அதனருகே பீடி, சுருட்டு, தீக்குச்சி எதுவும் கூடாது.

“தாழ் வோல்ற்றளவு” என்று எங்காவது எழுதியிருப்பதைக் கண்டு ஏமாறவும் கூடாது. சர்வதேச மின்தொழினுட்ப வகைப்பாட்டில் 1000 வோல்ற்று வரையான ஆடலோட்டமும் தாழ் வோல்ற்றளவுக்குள்தான் அடங்குகிறது. வீட்டு 230 வோல்ற்றும் அதற்குள்ளேயே வருகிறது. இங்கே நாம் பேசுவது அதற்கும் கீழான வகுப்பு. பற்றரியோடு இன்வேர்ட்டர் பூட்டியிருந்தால் அதன் மறுபக்கம் 230 வோல்ற்று. அந்தப் பக்கம் இந்த வழிமுறைக்கு உரியதல்ல. யானை வேலியும் அப்படியே. அதற்கு ஊட்டம் கொடுக்கும் பற்றரி 12 வோல்ற்றாக இருந்தாலும், கருவியிலிருந்து கம்பிக்குப் போகும் துடிப்பு ஆயிரக்கணக்கான வோல்ற்று. அதைச் சாதாரண மீற்றரால் அளக்கவே கூடாது. வேலிக் கருவி பழுதான இரவில் வீட்டு மின்னை நேராகக் கம்பிக்குக் கொடுப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: அதைச் செய்யாதீர்கள். துடிப்பு ஒரு கணம் அடித்து விட்டுவிடும். வீட்டு மின் பிடித்தால் விடாது. அதில் யானைகளும் செத்திருக்கின்றன, மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.

அறிகுறி: எதுவும் இயங்கவில்லை

எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்திருந்தால், பிழை எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்தான் இருக்கும்: பற்றரி, அதன் முனைகள், முதன்மைப் பியூஸ், முதன்மைச் சுவிச், பொது எதிர்வயர். ஒவ்வொரு விளக்காகக் கழற்றிப் பார்ப்பது நேர விரயம்.

முதலில் பற்றரியை அளக்க வேண்டும். மீற்றரை நேரோட்ட வோல்ற்றளவில் 20 என்ற எல்லைக்குத் திருப்பி, ஊசிகளைக் கிளிப்பின் மேல் அல்லாமல் பற்றரியின் ஈய முனையின் மேலேயே வைக்க வேண்டும். சார்ஜ் நின்று சில மணி நேரம் ஓய்ந்த ஈய அமிலப் பற்றரி 12.6 முதல் 12.7 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9க்குக் கீழே என்றால் வெறுமை. நன்றாகச் சார்ஜ் செய்த பின்பும் 10.5 இலேயே நின்றால், உள்ளே இருக்கும் ஆறு கலங்களில் ஒன்று செத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம், ஏனெனில் ஒரு கலத்தின் பங்கு 2.1 வோல்ற்று. அப்போதுதான் பற்றரியைக் குற்றம் சொல்ல உரிமை வருகிறது. இலிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரிக்கு இந்த அளவுகள் பொருந்தா. அது நிறைந்திருக்கும்போது 13.3 அளவில் நிற்கும், பெரும்பகுதி தீரும்வரை அந்த அளவை விட்டு அதிகம் இறங்காது, ஆகவே அதன் மிச்சத்தை வோல்ற்றளவால் ஊகிக்க முடியாது.

பற்றரி நன்றாக இருந்தால், கறுப்பு ஊசியை எதிர்முனையிலேயே விட்டுவிட்டு, சிவப்பு ஊசியை முன்னோக்கி நகர்த்துங்கள்: முனைக் கிளிப், பியூஸின் முன்பக்கம், பின்பக்கம், சுவிச்சின் முன்பக்கம், பின்பக்கம். எங்கே 12 மறைகிறதோ அதற்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில் பாதை அறுந்திருக்கிறது. சுற்று நீளமாக இருந்தால் தொடக்கத்திலிருந்து வர வேண்டியதில்லை. நடுவில் ஓர் இடத்தை அளந்து, மின் அங்கே இருந்தால் பின்பாதியையும் இல்லாவிட்டால் முன்பாதியையும் தேடினால் தேடும் இடம் ஒவ்வொரு தடவையும் பாதியாகக் குறையும். சிவப்புப் பாதை முழுவதும் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால், சிவப்பு ஊசியை நேர்முனையில் வைத்துக் கறுப்பு ஊசியை நகர்த்தி எதிர்ப்பாதையை இதேபோல் பார்க்க வேண்டும்.

பியூஸைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கண்ணாடிக் குழாயின் உலோகத் தொப்பிக்குள் மறைவாக அறுந்த பியூஸ்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் அளப்பதே வழி.

அறிகுறி: 12 காட்டுகிறது, ஆனால் எரியவில்லை

பழகியவர்களையும் குழப்புவது இதுதான். விளக்கின் முனையில் மீற்றர் 12.5 காட்டுகிறது; விளக்கைப் பூட்டினால் எரியவில்லை; விளக்கை மாற்றினாலும் எரியவில்லை. மீற்றர் பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் போதாது. இலக்க மீற்றரின் உட்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது சுற்றிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் இல்லையென்றே சொல்லலாம். நடுவில் ஓர் இணைப்பு பச்சைக் களிம்பு ஏறி ஓர் இலட்சம் ஓம் தடையாக மாறியிருந்தாலும், அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு அது ஒரு தடையே அல்ல. 12.6 வோல்ற்றில் 12.5 அப்படியே மீற்றருக்கு வந்து சேரும். விளக்குக்கு வேண்டிய ஓர் அம்பியரைக் கேட்டவுடன் அந்த இணைப்பு கைவிரித்துவிடும்.

21 வாற்றுக் குமிழ் இங்கேதான் உதவுகிறது. சந்தேகமான முனைகளில் அதைப் பூட்டினால் அது 1.75 அம்பியர் கேட்கும். குமிழ் பளிச்சென்று எரிந்தால் அந்த இடம்வரை பாதை சரி. எரியாவிட்டால், குமிழைப் பூட்டியபடியே மீற்றரை வைத்து அளந்தால் முன்பு 12.5 காட்டிய இடம் இப்போது பூச்சியத்தை நெருங்கியிருக்கும். சுமை இல்லாமல், அதாவது மின்னை இழுக்கும் விளக்கோ விசிறியோ ஓடாமல், எடுத்த வோல்ற்றளவை நம்பி எந்தப் பொருளையும் மாற்றக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றவை எளிது.

அறிகுறி: எரிகிறது, ஆனால் மங்கல், சுற்றுகிறது, ஆனால் வலுவில்லை

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் என் மாமா ஒருவருக்கு வயல்வாடி இருக்கிறது. பெரும்போக வேளாண்மைக் காவலுக்காக அங்கே எல்இடி பட்டிகளும் ஒரு சிறு விசிறியும் பூட்டியிருந்தார். விளக்கு மங்கியது, பற்றரி மாற்றினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் மங்கியது, மறுபடியும் மாற்றினார். மூன்றாவது முறை என்னிடம் வந்து, “மகன், நல்ல பற்றரி ஒன்று எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்” என்றார். நான் பற்றரியைப் பற்றி எதுவும் பேசாமல் மீற்றரோடு அவருடன் வாடிக்குப் போனேன்.

எல்லா விளக்கும் விசிறியும் ஓடும்போது பற்றரி முனையில் 12.5. விளக்கின் முனைகளில் 9.2. அப்படியானால் 3.3 வோல்ற்று வழியில் தொலைகிறது. எங்கே என்பதுதான் கேள்வி. சுமை ஓடிக்கொண்டிருக்கையில் சிவப்பு ஊசியைப் பற்றரியின் நேர்முனையிலும் கறுப்பு ஊசியை விளக்கின் நேர்முனையிலும் வைத்தேன்: 0.2. நேர்ப்பாதை குற்றமற்றது. பிறகு விளக்கின் எதிர்முனைக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையில் வைத்தேன்: 3.1. விளக்குக்குக் கிடைத்த 9.2, நேர்ப்பாதை விழுங்கிய 0.2, எதிர்ப்பாதை விழுங்கிய 3.1 ஆகிய மூன்றையும் கூட்டினால் 12.5 வருகிறது. ஒரு மூடிய சுற்றில் இந்தக் கூட்டல் எப்போதும் சரியாக வர வேண்டும். வராவிட்டால் அளந்ததில் எங்கோ தவறு இருக்கிறது. கறுப்பு வயரைத் தொடர்ந்து போனபோது, கூரை இறவாரத்துக்கு அடியில் இரண்டு வயரை முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பொன்று இருந்தது. மழைத் தண்ணீர் வயர் வழியே வழிந்து நேராக அதற்குள் இறங்கியிருந்தது. ரேப்பை உரித்தால் உள்ளே செம்பே இல்லை. பச்சைப் பொடிதான் இருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாக இணைத்தவுடன், “போய்விட்டது” என்று மூலையில் வைத்திருந்த இரண்டாவது பற்றரியிலேயே விளக்குகள் நன்றாக எரிந்தன. மாமா நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லோரும் சிவப்பு வயரைத்தான் சோதிக்கிறார்கள் என்பது. மின்னோட்டம் போவதும் வருவதும் ஒரே அளவு. கறுப்பு வயரில் உள்ள தடையும் அதே அளவுக்கு விழுங்கும். ஒரு நல்ல இணைப்பு சுமையோடு 0.1 வோல்ற்றுக்கு மேல் விழுங்கக் கூடாது என்பதும், முழுப் பாதையிலும் சேர்த்து அரை வோல்ற்றுக்கு மேல் போனால் தேட வேண்டும் என்பதும் நான் வைத்திருக்கும் எல்லை. பாதை முழுவதன் இழப்பும் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருந்தால் வயர் மெலிது. ஓரிடத்தில் குவிந்திருந்தால் அந்த இணைப்பே நோயாளி.

சுமை ஓடும்போது பற்றரியின் ஈய முனையிலேயே வோல்ற்றளவு சட்டென்று இறங்கினால் மட்டும் பற்றரியைச் சந்தேகியுங்கள். நிறைந்த பற்றரியில் 55 வாற்று ஹெட்லைற் சில நிமிடம் எரிந்தும் 12க்கு மேல் நிற்க வேண்டும்.

அறிகுறி: ஒன்றைப் போட்டால் இன்னொன்று மின்னுகிறது

முச்சக்கரவண்டியில் பிரேக் மிதித்தால் சிக்னல் விளக்கும் மெதுவாக மின்னும். சிக்னல் போட்டால் பின்விளக்கு துடிக்கும். வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று நினைத்துச் சுவிச் முழுவதையும் பிரிப்பவர்கள் உண்டு. இது பெரும்பாலும் ஏர்த் கோளாறு, அதாவது உடற்சட்டம் வழியே பற்றரிக்குத் திரும்பும் எதிர்ப்பாதையின் கோளாறு. ஒரே விளக்குக் கூட்டில் இருக்கும் குமிழ்கள் ஒரே எதிர்வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வயர் உடற்சட்டத்தைத் தொடும் திருகாணி கறள் பிடித்தால், பிரேக் விளக்கின் மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பிப்போக நேர்வழி இல்லாமல், பக்கத்துக் குமிழின் வழியாகத் தலைகீழாக நுழைந்து வேறு பாதையில் வீடு தேடுகிறது. உதிரி வயரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்குக் கூட்டின் ஏர்த் முனையிலும் தொட்டுப் பாருங்கள். விளக்குகள் அதே கணத்தில் ஒழுங்காகிவிட்டால் பிழை கிடைத்துவிட்டது. திருகாணியைக் கழற்றி, உடற்சட்டத்தில் உள்ள பெயின்றைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, இறுக்கிப் பூட்டிய பின் மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

அறிகுறி: பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. 10 அம்பியர் பியூஸ் போகிறது என்று 30 பூட்டினால், அடுத்து உருகப்போவது வயர். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் வயல்வாடியின் கிடுகுக் கூரைக்குத் தீ வைப்பதும் ஒன்றுதான். தட்டைப் பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். மாற்றும்போது அதே நிறம் போட வேண்டும்.

போட்டவுடனேயே போகிறதா, சற்று ஓடியபின் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சற்று ஓடியபின் என்றால் சுமை அதிகம். அல்லது பம்பியோ விசிறியோ இறுகிப்போய் அதிக மின்னோட்டம் இழுக்கிறது. உடனேயே என்றால் எங்கோ நேர்வயர் எதிர்ப்பாதையைத் தொடுகிறது; இதைத்தான் சோட் என்கிறோம். அதைத் தேடப் பியூஸ்களை வரிசையாக எரிக்க வேண்டியதில்லை. பியூஸைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு முனைக்கும் நடுவில் 21 வாற்றுக் குமிழைப் பூட்டுங்கள். சுற்றிலுள்ள விளக்கு, மோட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சோட் இருந்தால் குமிழ் முழு ஒளியோடு எரியும், ஆனால் 1.75 அம்பியருக்கு மேல் போக அது விடாது, ஆகவே வயர் சூடாகாது. இனி ஒவ்வொரு கிளையாகப் பிரித்துக்கொண்டே வந்தால், எதைப் பிரித்தபோது குமிழ் அணைகிறதோ அந்தக் கிளையில் பிழை இருக்கிறது. தகடு வெட்டிய துளை வழியே வயர் நுழையும் இடம், ஹான்டில் திரும்பும் கழுத்துப் பகுதி, எலி கடித்திருக்கக்கூடிய கூரைவளை: முதலில் இங்கே பாருங்கள். நெல் மூட்டை அடுக்கிய வாடிகளில் எலிதான் முதற்காரணம்.

பியூஸ் போகாமல் அதன் கூடு மட்டும் சூடாகி உருகினால், அது சோட் அல்ல. கூட்டின் கவ்வி தளர்ந்து தடை ஏறியிருக்கிறது. கூட்டையே மாற்ற வேண்டும்.

அறிகுறி: விட்டுவிட்டு எரிகிறது

எஞ்சின் அதிரும்போதோ தோணி அசையும்போதோ மட்டும் அணையும் விளக்கு, மேசையில் வைத்துப் பார்த்தால் நன்றாக எரியும். பொறுமை ஒன்றே கருவி. சுமை ஓடும் நிலையில் மீற்றரை விளக்கின் முனைகளில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, வயரை ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு சாணாக வளைத்துப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். வெளி உறை முழுமையாக இருந்தும் உள்ளே செப்பு இழைகள் அறுந்திருப்பது, வயர் வளைந்து வளைந்து ஆடும் இடங்களில் வழக்கம். மெதுவாக இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும். உப்புத் தண்ணீர் படும் தோணிகளில் இன்னொன்றும் உண்டு. வெட்டிய முனை வழியாக நீர் இழைகளுக்கிடையில் ஊறி உள்ளே ஏறிவிடும். முனையை உரித்தால் செம்பு கறுப்பாக இருக்கும். சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், சில வேளை ஒரு முழம் வரையும் போக வேண்டிவரும். கறுத்த செம்பின் மேல் ஈயம் ஒட்டாது. அதனால்தான் கடலுக்குப் போகும் வள்ளங்களுக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வயர் பரிந்துரைக்கப்படுகிறது.

அறிகுறி: இரவில் நிறைந்த பற்றரி காலையில் வெறுமை

எல்லாவற்றையும் அணைத்த பின்னும் ஏதோ ஒன்று குடிக்கிறது, அல்லது பற்றரி தன்னைத்தானே இழக்கிறது. பிரித்தறிய ஒரே வழி: எதிர்முனைக் கிளிப்பைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். அப்படியும் இறங்கினால் பற்றரி. இறங்காவிட்டால் சுற்று. சுற்றென்றால், மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர்த் துளைக்கு மாற்றி, கழற்றிய கிளிப்புக்கும் எதிர்முனைக்கும் நடுவில் மீற்றரை வைத்து மின்னோட்டத்தை அளக்க வேண்டும். 50 மில்லி அம்பியர் என்றாலும் நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி போகும். 40 அம்பியர் மணிப் பற்றரி பதினாறு பதினேழு நாளில் பாதியாகும். ஒரே இரவில் தீர்கிறதென்றால் அம்பியர் கணக்கில் ஏதோ ஓடுகிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எண் விழும் கிளையே திருடன்.

அளந்து முடிந்ததும் சிவப்பு வயரைத் திரும்ப வோல்ற்றுத் துளைக்கு மாற்ற மறந்தால், அடுத்த முறை பற்றரியை அளக்கும்போது மீற்றரே சோட்டாகிவிடும். மீற்றர்கள் அதிகம் சாவது இப்படித்தான்.

அறிகுறி: வெயில் இருந்தும் சோலர் சார்ஜ் ஏறவில்லை

36 கலம் கொண்ட வழக்கமான 12 வோல்ற்றுப் பனலைக் கொன்றோலரிலிருந்து (பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) கழற்றி, நண்பகல் வெயிலில் அளந்தால் 20க்கு மேல், பெரும்பாலும் 21 அளவில் காட்ட வேண்டும். அந்த எண் சரியாக இருந்தும் பனலில் பிழை இருக்கலாம், ஏனெனில் இதுவும் சுமையற்ற அளவீடு. மீற்றரை 10 அம்பியரில் வைத்துச் சிறு பனலின் இரண்டு முனைக்கும் நேராகப் பூட்டலாம். பனல் தன் எல்லைக்கு மேல் மின்னோட்டம் தராது என்பதால் இது பற்றரிக்குச் செய்யக்கூடாத, பனலுக்கு மட்டும் செய்யக்கூடிய சோதனை. 100 வாற்றுப் பனல் நல்ல வெயிலில் 5 முதல் 6 அம்பியர் தரும். அதில் பாதிகூட வராவிட்டால் நிழலைப் பாருங்கள். தென்னோலை ஒன்றின் நிழல் ஒரு கலத்தில் விழுந்தாலும், கலங்கள் தொடராகக் கோர்க்கப்பட்டிருப்பதால் முழு வரிசையின் மின்னோட்டமும் அந்தக் கலத்தின் அளவுக்குக் குறையும். கடற்காற்றின் உப்புப் படலத்தையும் காக எச்சத்தையும் காலையில் பனல் சூடேறுவதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

பனல் சரியென்றால் கொன்றோலரின் பற்றரி முனையிலும் பற்றரியிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். முன்னது 14ஐத் தாண்டி, பின்னது 12.5இலேயே கிடந்தால், நடுவயரில் இழப்பு. கொன்றோலர் பற்றரி நிறைந்துவிட்டதென்று ஏமாறுகிறது. பூட்டும்போது பற்றரியை முதலிலும் பனலைப் பின்னரும் பூட்டுங்கள். கொன்றோலர் தன் அளவை அறிவது பற்றரியிலிருந்துதான். கார்த்திகை, மார்கழி மாரியில் நாட்கணக்கில் வெயில் காணாத வேளையில் சார்ஜ் ஏறாமல் இருப்பது கோளாறல்ல. ஆனால் ஈய அமிலப் பற்றரியை அந்தக் குறைந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் சல்பேற்று உறைந்து, வெயில் வந்த பின்னும் அது பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது; அந்த மாதங்களில் விசிறியை நிறுத்தி விளக்கோடு மட்டும் இருப்பது நல்லது.

கண்டுபிடித்த இணைப்பை மறுபடி கெடாமல் செய்வது

பற்றரி முனையில் பூக்கும் வெண்ணீலப் பொடியை, தண்ணீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவலாம். நுரை அடங்கினால் அமிலம் தீர்ந்தது. கலங்களின் மூடிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, உலோகம் மின்னும்வரை அரத்தாளால் தேய்த்து, முதலில் இறுக்கிப் பூட்டி, அதன் பின்னரே வாசலீன் பூச வேண்டும். பூசிவிட்டுப் பூட்டுவது தவறு.

வயர் இணைப்பை முறுக்கி ரேப் சுற்றுவதோடு விடக் கூடாது. வயரின் அளவுக்கேற்ற செப்புக் குழாயை நசுக்கி இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால், முடிந்தால் உள்ளே பசை உள்ள வகையால் மூட வேண்டும். ஈயம் வைத்து ஒட்டினால், ஒட்டிய இடத்துக்கு அடுத்து வயர் விறைத்துப்போய் அதிர்வில் முறியும். ஆகவே அதன் இரண்டு பக்கமும் வயரைக் கட்டி அசையாமல் செய்ய வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேராகச் சேர்க்காதீர்கள். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெகு விரைவில் அரிபடும். இணைப்பை எப்போதும் மேலே வைத்து, வயர் அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கி வரும்படி அமைத்தால், வழியும் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்குள் ஏறாது. மாமாவின் வாடியில் இப்போது எல்லா வயரும் அப்படித்தான் தொங்குகிறது.

வேலை முடிந்ததும் அதே சுமையோடு அதே இடங்களில் மறுபடி அளந்து, பற்றரிப் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் திகதியோடு மூன்று எண்களை எழுதி வைக்கிறேன்: பற்றரியில் எவ்வளவு, விளக்கில் எவ்வளவு, கறுப்புப் பாதையில் எவ்வளவு. அடுத்த மாரிக்குப் பின் யார் வந்து திறந்தாலும், எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை அந்த மூன்று எண்களும் காட்டிவிடும்.